அது அம்மா வழியில் வருவது

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிற வாத்தியார். மரபியல் பாடம் வந்தால் என் வகுப்பில் கடைசி பெஞ்சுகூடத் தூங்காது. பாடத்தின் மேல் அவ்வளவு பிரியம் என்று நான் ஏமாந்ததில்லை. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் பிள்ளைகளுக்குக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம் என்று ஒரு வரி வரும். அந்த வரியை இந்த ஆள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்லப்போகிறான் என்று பார்க்கத்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் கட்டியிருப்பது என் கூடப்பிறந்த அக்காவின் மகளை.

தர்மபுரிப் பக்கம் இது அதிசயமில்லை. அக்காவுக்குப் பெண் பிறந்ததும் தாய்மாமனுக்கு என்று பேசி வைத்துவிடுவார்கள். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அவளுக்குக் காது குத்தியபோது மாமன் மடி வேண்டும் என்று என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். கத்திக் கதறி என் புதுச் சட்டையெல்லாம் மூக்குச்சளி. வளர்ந்ததும் அவளையே எனக்குக் கட்டி வைத்தார்கள். அக்கா எனக்கு மாமியாரானாள். மனைவி பிறந்ததிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள், இன்றைக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சொந்தத்தில் கட்டாதே என்று தொண்டை கிழிய நடத்திவிட்டு, வீட்டுக்கு வந்து அக்கா மகள் போடுகிற களியைத் தின்பேன். எனக்கு அதில் கூச்சம் இருந்ததே இல்லை. பாடம் வேறு, வீடு வேறு என்று இருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகன். காரிமங்கலத்திலிருந்து உள்ளே போகிற சாலையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. பெரும்பாலும் தக்காளிதான் போடுவோம். லீவு நாளில் அவனையும் பறிக்க இழுத்துக்கொண்டு போவேன். உள்ளூர்ச் சந்தைக்கு என்றால் பழமாகவே பறிக்கலாம். சென்னைக்கு லாரி ஏறுகிற தக்காளி மட்டும் செங்காயாக இருக்க வேண்டும். பச்சை விட்டு லேசாகச் சிவக்கத் தொடங்குகிற பதம் அது. எங்கள் ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அந்தப் பதம் தெரியும். இவன் பதினான்கு வயதில் ஒரு பெட்டி நிறையப் பறித்துக்கொண்டு வந்தால் பாதி பச்சைக் காய், பாதி கனிந்துபோன பழம்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று கேட்பேன். கூலிக்கு வந்த பெண்கள் சிரிப்பார்கள். அடுத்த முறை ஒவ்வொரு காயையும் விரலால் அழுத்திப் பார்த்துப் பறித்தான். அழுத்தினால் தக்காளி கன்றிப்போகும், வியாபாரி கழித்துவிடுவான். அதற்கும் திட்டினேன். ஒரு பிள்ளை ஏன் கண்ணால் பார்க்காமல் விரலால் பார்க்கிறான் என்று உயிரியல் வாத்தியாருக்குத் தோன்றவில்லை. வேலையிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றே செய்கிறான், சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டேன். ஊரான் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். சொந்தப் பிள்ளையிடம் குறையைத் தேட எந்த அப்பனுக்கும் மனசு வராது, குற்றத்தைத் தேட மட்டும் நன்றாக வரும்.

இதைவிட மோசமான ஒன்றை வகுப்பில் செய்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவன் என்னிடமே படித்தான். பள்ளியில் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவான், அது அவனாகவே வைத்துக்கொண்ட வழக்கம். அன்றைக்கு நான் நடத்தியது நிறக்குருடு. எல்லா வகுப்பிலும் நடத்துவதைப் போலத்தான் நடத்தினேன். மனிதனின் ஒவ்வொரு செல்லிலும் நாற்பத்தாறு குரோமோசோம்கள், இருபத்து மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. அவற்றின் மேல்தான் ஜீன்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசி ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டுகிற ஜீன் எக்ஸின் மேல் இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு எக்ஸ் பழுதானாலும் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும், அவளுக்கு நிறம் சரியாகவே தெரியும். ஆணுக்கு இருப்பதே ஒன்று. அது பழுதானால் பழுதுதான்.

எங்கள் வகுப்பில் பச்சை நிறப் பலகை. நல்ல எக்ஸை வெள்ளைச் சாக்பீஸில் எழுதினேன். பழுதான எக்ஸைச் சிவப்புச் சாக்பீஸில் எழுதினேன். பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு பெஞ்சு பெஞ்சாக நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் மகன் நோட்டில் வெள்ளை எழுத்துகள் மட்டும் இருந்தன. சிவப்பில் எழுதிய இடமெல்லாம் காலி.

"நோயுள்ள எக்ஸ் எங்கடா?"

அவன் பலகையைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கி இன்னொரு தரம் பார்த்தான். "அங்க ஒண்ணும் எழுதலியே சார்" என்றான்.

வகுப்பே சிரித்தது. வாத்தியார் மகன் வாத்தியாரையே கிண்டல் செய்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள், நானும் அதையேதான் நினைத்தேன். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். நிறக்குருட்டைப் பற்றி நடத்திக்கொண்டே, நிறக்குருடான என் மகனை, சிவப்பு தெரியவில்லை என்று சொன்னதற்காக அடித்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வலது கை கூசுகிறது. அவன் அழவில்லை. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துக் காலி இடங்களை நிரப்பிக்கொண்டான்.

அவன் மெக்கானிக்கல் படித்து முடித்தான். ரயில் எஞ்சின் ஓட்டுவது சின்ன வயதிலிருந்தே அவன் ஆசை. உதவி ஓட்டுநர் வேலைக்கு இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்து எழுத்துத் தேர்வில் தேறினான். ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டோம். பிறகு மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிற எண்ணைப் படிக்கச் சொல்லி ஒரு புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

திரும்பி வந்தவன் என்னிடம் சொல்லவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அவன் அம்மாவிடம் சொன்னான். "நம்பர் எதுவும் தெரியலம்மா. வெறும் புள்ளியாத்தான் தெரிஞ்சுது. சிக்னல் பாக்கற வேலைக்கு ஆவாதுன்னுட்டாங்க." நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். செங்காய், பச்சைப் பலகை, கன்னத்தில் விட்ட அறை எல்லாம் ஒரே நேரத்தில் என் முன்னால் வந்து நின்றன.

அந்த நிமிடமே எழுந்து போய் அவன் தோளில் கை வைத்திருக்க வேண்டும். நான் போகவில்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என்னைக் கேட்டாள்.

"இது எதனாலங்க மாமா வருது?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. "அது அம்மா வழியில வர்றது" என்றேன். செய்தித்தாளின் ஓரத்தில் எக்ஸ், ஒய் என்று படம் போட்டு விளக்கினேன். மகனுக்கு நான் கொடுத்தது ஒய். பழுதான எக்ஸை என்னால் அவனுக்குக் கொடுக்கவே முடியாது. கொடுத்தது நீதான் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, படம் சொல்லிவிட்டது.

அறிவியல்படி நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதைச் சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, நான் இல்லை என்கிற நிம்மதி. அடித்தவன் நான், திட்டியவன் நான். இந்தப் படத்தைப் போட்டதும் அதெல்லாம் சின்னக் குற்றமாகிவிட்டது போல இருந்தது. வெட்கக்கேடான நிம்மதி அது, வேறு பேர் வைக்கத் தெரியவில்லை.

அதிலிருந்து வீட்டில் அதுதான் பேச்சு. அக்காவின் கோபம் தன் வீட்டுக்காரர் மேல் திரும்பியது. "எங்க வூட்ல யாருக்கும் கண்ணுல கோளாறு கெடையாது. எல்லாம் இவுங்க அப்பன் வூட்டு ரத்தம்" என்று மகள் காது கேட்கவே சொல்வாள். மகளுக்கு அது இரட்டைச் சுமை. தன்னால் பிள்ளை கெட்டது, தன்னால் தகப்பனுக்கும் பேச்சு.

மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை வருவான். அவனுக்குப் பிடித்த கோழிக் குழம்பை ஊற்றும்போது அவன் அம்மா ஒவ்வொரு வாரமும் தவறாமல் சொல்வாள். "என்னாலதான சாமி உனக்கு இப்பிடி ஆச்சு. என்ன மன்னிச்சுரு."

"சும்மா சாப்புட வுடும்மா" என்பான் அவன், சிரித்தபடிதான். நான் எதிரில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

போன மாசி மாதம் தோட்டத்து மோட்டார் ரிப்பேர். அக்கா வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக். அவர் வந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தார். பேச்சே இல்லாத மனுஷன். எத்தனை வருடமாக அக்கா திட்டினாலும் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வார்.

எனக்கு ஓர் அற்பத்தனமான யோசனை வந்தது. இவருக்கும் நிறம் தெரியாது என்று நிரூபித்துவிட்டால் விஷயம் முழுதாக முடிந்துவிடும், என் வீட்டு ரத்தத்தின் மேல் எப்போதும் யாரும் விரல் நீட்ட முடியாது. போனில் அந்தப் புள்ளிப் படங்களை எடுத்து வைத்திருந்தேன். விளையாட்டுபோல் நீட்டினேன். "இதுல என்ன நம்பர் தெரியுதுன்னு சொல்லுங்க மாமா."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, கூட்டல் கணக்குச் சொல்வதுபோல் நிறுத்தாமல் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை. என் மகன் வெறும் புள்ளி என்று சொன்ன படங்களில் இவர் எண்ணை எண்ணாகப் படித்துக்கொண்டே போனார்.

"எதுக்கு மாப்ள?" என்றார்.

"சும்மாதான்" என்றேன். கிணற்றுமேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அது பழுதாக இருந்தால் அவனால் அந்த எண்களைப் படிக்க முடியாது. இவர் படித்துவிட்டார். மகளுக்கு இவர் கொடுத்த எக்ஸ் சுத்தமானது. அப்படியென்றால் என் மனைவியிடம் இருக்கிற பழுதான எக்ஸ் அவள் அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. அவள் அம்மா என் அக்கா. என் அக்காவுக்கு அது எங்கள் அப்பாவோ அம்மாவோ கொடுத்தது. அம்மா வழி, அம்மா வழி என்று கைகாட்டிக்கொண்டே போனால் அந்த வழி நேராக என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. எத்தனையோ வருடமாக இதைப் பலகையில் போடுகிறவனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டிய இடத்தில் படத்தை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

இறந்துபோன எங்கள் அப்பாவைப் பற்றி யோசித்தேன். அவரும் தக்காளி போட்டவர்தான். உழுவார், மருந்து அடிப்பார், தண்ணீர் கட்டுவார். பறிக்க மட்டும் இறங்க மாட்டார். வரப்பில் உட்கார்ந்து அக்காவை ஏவுவார்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் போனேன். "அக்கா, அப்பா ஏன் தக்காளி பறிக்கவே மாட்டாரு?"

அவள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பழைய குறும்பு நினைவுக்கு வந்ததுபோல் சிரித்தாள். "அவுருக்கு எங்க தெரியும்? செவப்பும் பச்சையும் அவுருக்கு ஒண்ணுதான். நாந்தான் கூட நின்னு சொல்லுவேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு தம்பி. வெளிய தெரிஞ்சா உனக்கு யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு ஒரே பயம் அவுருக்கு."

எனக்குப் பெண் கிடைக்காது என்று பயந்து அப்பா மறைத்தார். கடைசியில் பெண் அதே வீட்டிலிருந்துதான் வந்தாள். அவருடைய எக்ஸ் எனக்கு வரவில்லை, மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய்தானே. அது அக்காவுக்குப் போனது, அவளிடமிருந்து அவள் மகளுக்கு, அங்கிருந்து என் மகனுக்கு. சொந்தத்தில் கட்டாமல் இருந்திருந்தால் அது எங்களைவிட்டு வெளியே போயிருக்கும். நான்தான் தாலி கட்டி என் வீட்டுக்கே திரும்பக் கூட்டிவந்தேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் கோளாறு இல்லை என்று இத்தனை நாள் கத்தியதும் இதே அக்காதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுடையது வயல்வேலை சம்பந்தப்பட்ட ஒரு ரகசியம், பேரனுடையது வியாதி, அவ்வளவுதான் அவள் கணக்கு. சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இத இப்ப யாருகிட்டயும் சொல்லிட்டிருக்காத அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பா வாங்கிய சத்தியத்தை நான் புதுப்பித்துக்கொண்டேன்.

சொல்லாமல் இருக்க ஆயிரம் காரணம் கிடைத்தது. அக்கா மனசு உடைந்துவிடும். செத்துப்போனவர் மானத்தை எதற்கு வாங்க வேண்டும். சொன்னால் மட்டும் மகனுக்குச் சிவப்பு தெரிந்துவிடுமா. உண்மையான காரணம் ஒன்றுதான். சொன்னால் அவனை அறைந்த குற்றத்தோடு நான் தனியாக நிற்க வேண்டியிருக்கும். பழி என் மனைவி மேல் இருக்கும்வரை எனக்கு ஒரு மறைவு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. அவள் மன்னிப்புக் கேட்டாள், அவன் சிரித்தான், நான் சாப்பிட்டேன்.

ஆவணி பிறந்ததும் பென்னாகரம் பக்கத்திலிருந்து மகனுக்கு ஒரு வரன் வந்தது. அசலூர், எந்த விதத்திலும் சொந்தமில்லாத குடும்பம். பெண் வீட்டார் வருகிறார்கள் என்று என் மனைவி வீட்டை மெழுகிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் மகனுக்கு வேலை இருந்ததால் அவன் ஓசூரிலேயே தங்கிவிட்டான். நான் தரகரோடு பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"கண்ணு விசயத்த மறைக்கக் கூடாதுங்க மாமா. நாளைக்கித் தெரிஞ்சா அந்தப் புள்ள மனசு நோவும். நானே சொல்லிடறேன். என் வழியில வந்ததுன்னு சொல்லிடறேன். உங்க வம்சத்துல ஒரு கொறயும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

என் பேரைக் காப்பாற்ற அவள் இதை யோசித்து வைத்திருந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் அப்பா படித்த எண்கள், அக்கா சொன்னது, என் அப்பாவின் தக்காளி, அவர் வழியாக அக்கா, அக்கா வழியாக அவள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"அப்ப எங்கப்பா வழி இல்லியா?"

"இல்ல. எங்கப்பா வழி."

"இது எப்பங்க உங்களுக்குத் தெரியும்?"

"மாசியில."

விரல்விட்டு எண்ணினாள். பங்குனி, சித்திரை என்று முணுமுணுத்துக்கொண்டே ஆவணி வரைக்கும் வந்தாள்.

"ஆறு மாசமா வாரா வாரம் நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன் மாமா. நீங்க எதிர்லதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா" என்றேன்.

அவள் எழுந்து போய்த் தன் போனை எடுத்து வந்தாள். மகன் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அவன் நம்ப மாட்டான்."

மணி அடித்தது. அவன் எடுத்து, "சொல்லும்மா" என்றான். பின்னால் எந்திரச் சத்தம் கேட்டது.

"நான்தாண்டா. அப்பா."

அந்தப் பக்கம் சத்தம் சட்டென்று குறைந்தது, வெளியே ஓடி வந்துவிட்டான் போலிருக்கிறது. நான் அவனிடம் போனில் பேசி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே ஞாபகம் இல்லை.

"என்னப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆவல. உன் கண்ணு எங்க அப்பாகிட்ட இருந்து வந்தது. அம்மா அதுக்கு உங்கிட்ட மன்னிப்புக் கேட்டப்பல்லாம், போன ஆறு மாசமா, எனக்கு அது தெரியும்டா."